செத்துப்போனதாகச் சொல்லப்படும் ஈஎஸ்பி-01எஸ்: ஒரு விமர்சனம்

பெருவிரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பலகை, இரண்டு வரிசையில் எட்டுப் பின், ஒரு தலைப்பில் பாம்புபோல வளைந்தோடும் செப்புக்கோட்டு அன்ரெனா. ஈஎஸ்பி-01எஸ் என்பது இவ்வளவுதான். ஷாங்காயில் உள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 சிப்பை வைத்து ஏஐ-திங்கர் செய்கிற மொடியூல். இதன் மூத்தது, ஈஎஸ்பி-01, 2014 இல் சந்தைக்கு வந்தது. ஆர்டுயினோ போன்ற கொன்ட்ரோலர் (கோட் எழுதி ஓடவிடும் சிறு கணினிப் பலகை) ஒன்று ஏற்கெனவே கையில் இருக்க, அதற்கு வைஃபை மட்டும் சேர்க்க வேண்டும் என்றால் இவ்வளவு மலிவாக வேறொன்று கிடைப்பது அரிது.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். மேல்தாங்கியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, தோட்டக் கிணற்று மோட்டர் ஓடுகிறதா நிற்கிறதா, கோழிக்கூட்டில் எவ்வளவு வெக்கை என்று வீட்டு வைஃபைக்கு அனுப்ப இது தாராளமாகப் போதும். உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகளின் செயற்றிட்டத்துக்கும் போதும். ஆனால் கொன்ட்ரோலரே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர் இதை வாங்கவேண்டாம். நோட்எம்சியூ அல்லது டி1 மினி வாங்கினால் அதே சிப், யூஎஸ்பி வாயும் 3.3 வோல்ற்றுக்கு இறக்கித் தரும் ரெகுலேற்றரும் பலகையிலேயே இருக்கும், அரைவாசித் தலையிடி குறையும்.

இந்த மொடியூலுக்கு ஊரில் ஒரு கெட்ட பெயர் உண்டு: "ஒரு கிழமை வேலை செய்யும், பேந்து செத்துப்போகும்." பெரும்பாலும் அது சாவதில்லை. ஒன்றில் கரண்ட் பற்றாமல் மயங்கிக் கிடக்கும், அல்லது நன்றாக ஓடிக்கொண்டே யாரும் தேடாத ஐபி முகவரியில் (வைஃபைக்குள் கருவிக்குக் கிடைக்கும் எண்) உட்கார்ந்திருக்கும்.

கடையில் பார்க்கவேண்டியது

பலகையில் இரண்டு கறுப்புச் சிப் தெரியும். சதுரமானது ஈஎஸ்பி8266. எட்டுக் கால் உள்ள மற்றது ஃபிளாஷ் மெமரி. அதன் முதுகில் 25கியூ80 என்று வந்தால் 8 மெகாபிற், அதாவது 1 மெகாபைற். 25கியூ40 என்றால் அதில் பாதி, 512 கிலோபைற். பாதி உள்ளதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பிறகு ஃபேர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) மாற்ற இடம் போதாது. பழைய 01 ஐயும் 01எஸ் ஐயும் பிரித்தறிய, கரண்ட் கொடுத்தவுடன் நிரந்தரமாக எரியும் சிவப்பு எல்ஈடியைப் பாருங்கள். அது பழையதில்தான் இருக்கும். 01எஸ் இல் சிஎச்-பிடி (சிப்பை விழிக்கவைக்கும் பின்), ரீசெட், ஜிபிஐஓ0 (தொடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் பின்) ஆகியவற்றை 3.3 வோல்ற்றுக்கு மேலே இழுத்து வைக்கும் றெசிஸ்ரர்கள் பலகையிலேயே உண்டு. பழையதில் சிஎச்-பிடி பின்னை 10 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ற்றுக்கு நாங்களே இழுக்கவேண்டும். இழுக்காவிட்டால் சிப் விழிக்காது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது எஸ் உள்ளதையே கேளுங்கள்.

பிரெட்போட்டில் இது நேரடியாக இருக்காது. பின்கள் இரண்டு வரிசையாக நெருக்கி இருப்பதால் எதிரெதிர்ப் பின்கள் ஒன்றோடொன்று சோர்ட் ஆகிவிடும். ஆண்-பெண் ஜம்பர் வயர் எட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட்

சிப் சராசரியாக 70, 80 மில்லி அம்பியர்தான் குடிக்கும். ஆனால் வைஃபையில் அனுப்பும் கணத்தில் 300 மில்லி அம்பியரையும் தாண்டித் துள்ளும். ஆர்டுயினோ ஊனோவின் 3.3 வோல்ற் பின் 50 மில்லி அம்பியருக்குத்தான் பொறுப்பேற்கிறது. மொடியூலைக் கணினியோடு இணைக்கிற, எஃப்ரி232ஆர் சிப் உள்ள யூஎஸ்பி-ரிரிஎல் அடப்டரின் 3.3 பின்னும் அப்படித்தான். அங்கிருந்து எடுத்தால் மொடியூல் தொடங்கும், கொமாண்டுக்கு ஓகே சொல்லும், வைஃபை அயலில் என்னென்ன இருக்கு என்று பட்டியலும் சில நேரம் போடும். ரவுட்டரோடு சேரச் சொன்னவுடன் வோல்ற்றேஜ் விழுந்து ரீசெட் ஆகும். பாவிக்கிறவருக்குத் தெரிவது "வைஃபை கனெக்ட் ஆகுதில்லை" என்பது மட்டும். உடனே பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிக்கத் தொடங்குவார். பாவம் பாஸ்வேர்ட்.

சரியான வழி: 5 வோல்ற், 1 அம்பியர் போன் சார்ஜர், அதன் பின்னால் ஏஎம்எஸ்1117-3.3 ரெகுலேற்றர். வெளியே போகும் 3.3 வோல்ற் வயரில், மொடியூலின் 3.3 வோல்ற் பின்னுக்கு ஒட்டியபடி 470 மைக்ரோ ஃபரட் எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர் ஒன்றும் 0.1 மைக்ரோ ஃபரட் செராமிக் ஒன்றும். தூரத்தில் வைத்தால் பலன் பாதி. 3.7 வோல்ற் லிதியம் பட்டறியோடு 1117 ஐப் பாவிக்கவேண்டாம். அதற்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் கூடுதலாக இருக்கவேண்டும். ஆர்டுயினோவின் ஜிஎன்டியும் (பூச்சிய வோல்ற் பின்) மொடியூலின் ஜிஎன்டியும் கட்டாயம் ஒன்றாக இணைந்திருக்கவேண்டும்.

மொடியூலின் ஆர்எக்ஸ் (தரவு வாங்கும்) பின் 3.3 வோல்ற்றுக்குரியது. ஊனோவின் ரிஎக்ஸ் (தரவு அனுப்பும் பின்) 5 வோல்ற் தள்ளும். இடையில் 1 கிலோ ஓம், அந்தச் சந்தியிலிருந்து ஜிஎன்டிக்கு 2 கிலோ ஓம் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு, 3.3 வோல்ற், போய்ச் சேரும். மறுதிசைக்கு ஒன்றும் தேவையில்லை, மொடியூல் அனுப்பும் 3.3 வோல்ற்றை ஊனோ ஒன்று என்றே வாசிக்கும்.

முதல் பேச்சு

இனி வரும் கொமாண்டுகள் தமிழ் ஒலிப்பில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டவேண்டும். சமன், காற்புள்ளி, அடிக்கோடு, இரட்டை மேற்கோள் எல்லாம் உள்ளபடியே. எல்லாவற்றுக்கும் முன்னே வரும் "ஏரி" குளம் அல்ல, ஆங்கிலத்தின் முதலாம் எழுத்தும் இருபதாம் எழுத்தும். "_டெஃப்" என்பது டிஃபோல்ட்டின் முதல் மூன்று எழுத்து, "_கர்" என்பது "இப்போதைய" என்ற பொருளில் வரும் ஆங்கிலக் கரண்ட்டின் (மின்சாரம் அல்ல) முதல் மூன்று எழுத்து.

கணினியில் சீரியல் மொனிற்றரை (கொமாண்ட் தட்டிப் பதில் பார்க்கும் சாளரம்) 115200 வேகத்தில் திறந்து, வரி முடிவை "என்எல்லும் சிஆரும் இரண்டும்" என்று வையுங்கள். இரண்டும் போகாவிட்டால் மொடியூல் வாய் திறக்காது. ஏரி என்று அடித்தால் ஓகே வரவேண்டும். கரண்ட் கொடுத்தவுடன் ஒரு வரி குப்பை எழுத்து வந்து, பிறகு "ரெடி" வந்தால் ஒன்றும் பழுதில்லை. சிப்பின் தொடக்கச் செய்தி 74880 வேகத்தில் வருகிறது. 40 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்ரலுக்கு எழுதிய 115200, இந்தப் பலகையின் 26 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்ரலில் அப்படி ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். அந்த 74880 இலேயே மொனிற்றரைத் திறந்தால் குப்பை வாசிக்கக்கூடிய வரியாக மாறும். அதில் "பூட் மோட்" என்பதற்குப் பக்கத்து அடைப்பில் முதல் எண் 3 என்றால் சாதாரணத் தொடக்கம். 1 என்றால் ஜிபிஐஓ0 எங்கோ ஜிஎன்டியில் முட்டிக்கொண்டு நிற்கிறது, மொடியூல் புதிய ஃபேர்ம்வேருக்குக் காத்திருக்கிறது.

ஊனோவில் சொஃப்ட்வேர் சீரியல் (சாதாரணப் பின்களில் கோட் கொண்டு சீரியல் பேசும் முறை) பாவிக்கிறவர்கள் 115200 இல் பதிலை நம்பி வாசிக்க முடியாது, எழுத்துகள் தவறும். ஏரி+யூஏஆர்ரி_டெஃப்=9600,8,1,0,0 என்று ஒருமுறை அடித்துவிட்டு மொனிற்றரையும் 9600 க்கு மாற்றுங்கள். இது ஃபிளாஷில் பதிந்துவிடும். மாற்றியதை மொடியூலின் முதுகில் ஸ்ரிக்கர் ஒட்டி எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து 115200 இல் ஏரி அடித்துப் பார்த்து "செத்துப்போச்சு" என்று எறியப்படுகிற மொடியூல்கள் இப்படியானவைதான்.

ரவுட்டரோடு சேர்த்தல்

முதலில் ஏரி+சிடபிள்யூமோட்_டெஃப்=1. ஒன்று என்றால் ரவுட்டரோடு சேரும் ஸ்ரேஷன், இரண்டு என்றால் தானே வைஃபை பரப்பும், மூன்று என்றால் இரண்டும். பெட்டியில் இருந்து வரும்போது பல மொடியூல்கள் 2 இலோ 3 இலோ இருக்கும், பாஸ்வேர்ட் இல்லாத திறந்த வைஃபை ஒன்றைப் பரப்பிக்கொண்டு. அயலில் திடீரென ஈஎஸ்பி என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் அது இதுதான். 3 இல் விட்டுவிட்டு மதிலுக்குப் பக்கத்தில் பொருத்துவது, கேற்றைப் பூட்டிவிட்டுத் திறப்பை அதிலேயே தொங்கவிடுவது போல.

அடுத்தது ஏரி+சிடபிள்யூஎல்ஏபி. அயலில் உள்ள வைஃபைகளை வரிவரியாகக் காட்டும். ஒரு வரியை எடுத்துப் பார்க்கலாம்: (3,"வீடு",-71, பிறகு ரவுட்டரின் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள நிலையான அடையாள எண்), 6). முதல் 3 என்றால் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு. மறை 71 என்பது சிக்னல். மறை 60 இல் நிம்மதி, 70 ஐத் தாண்டினால் அவதானம், 80 இல் மழைக்காலத்தில் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. கடைசி 6 என்பது சனல். பொருத்தப்போகும் இடத்திலேயே இதை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும், மேசையில் அல்ல. தண்ணீர் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை விழுங்கும். நிரம்பிய ஆயிரம் லீற்றர்த் தாங்கி ரவுட்டருக்கும் மொடியூலுக்கும் நடுவில் வந்தால், தாங்கி வெறுமையாக இருக்கும்போது வந்த சிக்னல் நிரம்பியதும் போய்விடும். தாங்கி நிரம்பிவிட்டது என்ற செய்தி மட்டும் வராமல் போகும் விசித்திரத்துக்குக் காரணம் இது. மொடியூலைத் தாங்கியின் வீட்டுப்பக்கத்தில் கட்டுங்கள், தகரத்துக்குக் கீழே ஒட்டவைக்கவேண்டாம்.

உங்கள் வைஃபை பட்டியலில் இல்லையென்றால், அது 5 கிகாஹேர்ட்ஸாக இருக்கலாம். இந்தச் சிப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஃபைபர் ரவுட்டர்கள் இரண்டையும் பரப்பும், போன் சத்தமில்லாமல் 5 ஐப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டால் குழப்பமில்லை. ரவுட்டரின் பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் இங்கே சொல்லப்படும் 1.x பதிப்பு ஃபேர்ம்வேர் சேராது. டபிள்யூபிஏ2 க்கு மாற்றவேண்டும். சனலை 1, 6, 11 இல் ஒன்றில் நிலையாக வைப்பது நல்லது.

சேர: ஏரி+சிடபிள்யூஜேஏபி_டெஃப்="வைஃபை பெயர்","பாஸ்வேர்ட்". முதலில் "வைஃபை கனெக்ரட்", பிறகு "வைஃபை கொட் ஐபி", கடைசியில் ஓகே. இரண்டாவது வராமல் முதலாவது மட்டும் வந்தால் பாஸ்வேர்ட் சரி, ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. ஃபெயில் என்று வந்தால் அதற்கு முன் ஒரு எண் இருக்கும்: 1 நேரம் கடந்துவிட்டது, 2 பாஸ்வேர்ட் பிழை, 3 அந்தப் பெயரில் வைஃபை இல்லை, 4 சேர்தல் தோல்வி. 3 வந்தவர் பாஸ்வேர்டை நோண்டத் தேவையில்லை. பெயரிலோ பாஸ்வேர்டிலோ காற்புள்ளி, இரட்டை மேற்கோள், பின்சாய்கோடு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் முன் ஒரு பின்சாய்கோடு போடவேண்டும்.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வைஃபை பெயர் 32 பைற்றுக்கு மேல் போகக்கூடாது. யூரிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைற். காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். "யாழ்" என்பது 4 குறியீடு, 12 பைற். "யாழ்ப்பாணம்" என்பது 11 குறியீடு, 33 பைற். ஒரே ஒரு பைற்றால் தோற்றுவிடும்! "யாழ்" என்றே வைக்கலாம், ஆனால் ஆர்டுயினோ கோடில் அதைத் தட்டுவதைவிட ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பது பாடு குறைவு.

டெஃப் என்றால் ஃபிளாஷில் பதியும், கர் என்றால் கரண்ட் போகும்வரைதான். பெயரும் பாஸ்வேர்டும் ஒருமுறை டெஃப் கொண்டு பதிந்துவிட்டால் மொடியூல் ஒவ்வொரு தொடக்கத்திலும் தானாகவே சேரும். ஆகவே கொன்ட்ரோலரின் கோடில் தொடக்கப் பகுதியில் டெஃப் கொமாண்டை எழுதி ஒவ்வொரு தரமும் ஃபிளாஷைத் தேய்க்கத் தேவையில்லை.

முகவரி, கரண்ட் வெட்டு

இந்த மொடியூலை நல்லது கெட்டது என்று தீர்மானிக்கிற இடம் இதுதான். ஏரி+சிஐஎஃப்எஸ்ஆர் அடித்தால் ஐபியும் மேக் முகவரியும் வரும். 192.168.1.23 என்று வந்ததை போன் அப்பில் எழுதிவைத்து வேலை முடிந்தது என்று எழும்புகிறவர்கள்தான் அடுத்த கிழமை கடைக்குத் திரும்பி வருகிறவர்கள். கரண்ட் போய் வந்தால் ரவுட்டரும் புதிதாகத் தொடங்கும், முகவரிகளைப் புதிதாகப் பங்கிடும். 23 பெரியம்மாவின் போனுக்குப் போயிருக்கும், மொடியூல் 31 இல் இருக்கும்.

இரண்டு வழி உண்டு. முதலாவது, மொடியூலிலேயே நிலையாக எழுதுவது: ஏரி+சிஐபிஎஸ்ரிஏ_டெஃப்="192.168.1.60","192.168.1.1","255.255.255.0". வரிசை முக்கியம்: தன் முகவரி, ரவுட்டர், மாஸ்க். எழுதியவுடன் டிஎச்சிபி (ரவுட்டரிடம் முகவரி வாங்கும் முறை) தானாக நின்றுவிடும். மீண்டும் ஏரி+சிடபிள்யூடிஎச்சிபி_டெஃப்=1,1 அடித்தால் நிலை முகவரி போய்விடும், ஒன்று மற்றதை அழிக்கும். இந்த வழியின் பலவீனம் ரவுட்டர் மாறும்போது தெரியும். பழையது 192.168.1 இல் இருந்திருக்கும், புதிய 4ஜி ரவுட்டர் 192.168.8 இல் இருக்கும். அதே வைஃபை பெயர், அதே பாஸ்வேர்ட் வைத்தாலும் மொடியூல் சேரும், ஆனால் யாரோடும் பேசாது. "வைஃபை கொட் ஐபி" கூட வரும், அது தன் பழைய முகவரியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வழியே மேலானது: மொடியூலை டிஎச்சிபியில் விட்டு, ரவுட்டரின் பக்கத்தில் அதன் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவைப்பது. இங்கே ஒரு பொறி. சிஐஎஃப்எஸ்ஆர் மோட் 3 இல் இரண்டு மேக் காட்டும், ஒன்று ஸ்ரேஷனுடையது, மற்றது ஏபியுடையது (மொடியூல் தானே பரப்பும் வைஃபை). இரண்டும் முதல் இரண்டு எழுத்தில் மட்டும் வேறுபடும், 18 க்குப் பதில் 1ஏ என்பதுபோல. ரவுட்டருக்குக் கொடுக்கவேண்டியது ஸ்ரேஷனுடையது. மற்றதை ஒதுக்கிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறியவேண்டியிருக்கும்.

முகவரி நிலைத்தாலும் வேறொன்று நிலைக்காது. மொடியூலை சேர்வராக (போன் கேட்டால் பக்கம் கொடுப்பதாக) வைக்கும் ஏரி+சிஐபிமக்ஸ்=1 (பல இணைப்புகளை ஏற்க), ஏரி+சிஐபிசேர்வர்=1,80 இரண்டும் ஃபிளாஷில் பதிவதில்லை. கரண்ட் வந்ததும் ஐபி வரும், இருக்கிறாயா என்று பிங் செய்தால் பதில் வரும், பக்கம் மட்டும் திறக்காது. கொன்ட்ரோலர் "ரெடி" என்ற சொல்லைக் கண்டதும் இந்த இரண்டையும் திரும்ப அடிக்கவேண்டும். வரிசையும் மாறக்கூடாது, மக்ஸ் 1 ஆகாமல் சேர்வர் எரர் தரும்.

நேரமும் பார்க்கவேண்டும். மொடியூல் கண்மூடித் திறப்பதற்குள் தொடங்கிவிடும், ரவுட்டருக்கு ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும். தொடங்கியதும் ஒருமுறை சேரப் பார்த்து, தோற்றதும் பேசாமல் இருக்கும்படி கோட் எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்குப் பிறகும் யாராவது ஏணி வைத்து ஏறி ரீசெட் அழுத்தவேண்டும். "கொட் ஐபி" வரும்வரை காத்திருக்கும், 30 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும், பத்துத் தரம் தோற்றால் ரீசெட் பின்னை ஒரு கணம் ஜிஎன்டிக்கு இழுக்கும் என்று எழுதினால் ஏணி தேவைப்படாது.

வெளிநாட்டில் இருக்கிற மகன் அங்கிருந்து தாங்கியைப் பார்க்கவேண்டும் என்றால் சேர்வர் வழி சரிவராது. 4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் வீட்டுக்கென்று பொது ஐபி கிடைப்பதில்லை, போர்ட் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து வர வழியில்லை. மொடியூலே வெளியே போய் ஒரு சேவைக்குத் தகவல் கொடுக்கும்படி, ஏரி+சிஐபிஸ்ராட் கொமாண்ட் கொண்டு, மாற்றி யோசிக்கவேண்டும். வீட்டுக்குள்ளேயே போனில் தெரியவில்லை என்றால் மொடியூலோ போனோ கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெஸ்ட்டில் உள்ளவை ஒன்றையொன்று காண ரவுட்டர் விடாது.

இன்னும் இரண்டு குறை. ஒன்று, ஃபேர்ம்வேர். பதிப்பைக் காட்டும் ஏரி+ஜிஎம்ஆர் 1.x என்று சொன்னால் மேலே உள்ளதெல்லாம் பொருந்தும். புதியது நல்லது என்று 2.x ஐ ஏற்றப் போகிறவர்கள் நின்று யோசிக்கவேண்டும். எஸ்பிரெசிஃப் தருகிற சாதாரண 2.x பதிப்பு ஜிபிஐஓ13, 15 வழியாகத்தான் கொமாண்ட் கேட்கும். அந்தப் பின்கள் இந்தப் பலகையில் வெளியே வரவேயில்லை. ஏற்றியதும் மொடியூல் ஊமை. டெஃப், கர் என்ற வாலும் 2.x இல் கிடையாது, பதிவதா இல்லையா என்பதை ஏரி+சிஸ்ஸ்ரோர் தீர்மானிக்கும்.

மற்றது நேரம். ஏரி+சிஐபிஎஸ்என்ரிபிசிஎஃப்ஜி கொண்டு இணையத்திலிருந்து மணி எடுக்கலாம், ஆனால் 1.x முழு மணித்தியாலத்தைத்தான் ஏற்கும். இலங்கை நேரம் ஐந்தரை. 5 கொடுத்தால் அரைமணி பின்னால், 6 கொடுத்தால் அரைமணி முன்னால் மோட்டர் ஓடும். 0 கொடுத்துக் கிறீனிச் நேரத்தை எடுத்து, கொன்ட்ரோலரில் 19800 விநாடி கூட்டுங்கள். நள்ளிரவைத் தாண்டும்போது திகதியும் மாறவேண்டும் என்பதை மறந்தால், விடிய 5.30 வரை மோட்டர் நேற்றைய அட்டவணையில் ஓடும்.